ஈரப் பையின் எடை

எடைமேடையில் எனக்கு இருபத்திரண்டு வருட வேலை. லாரி காலியாக ஏறும், எடை எடுப்பேன். சரக்கோடு திரும்பி வரும், மறுபடி எடுப்பேன். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் சரக்கின் எடை. அதற்கு மேல் என் வேலையில் ஒன்றும் இல்லை. என் அறையின் ஜன்னலுக்கு மேலே என் கையெழுத்திலேயே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: 'மின்சாரம் போய் வந்தால் முதலில் எடுத்த எடை அழிந்துவிடும். மறுபடி எடுக்க வேண்டும்.' அதைப் படிக்காமல் சண்டைக்கு வரும் டிரைவர்களிடம், தாளை விரலால் தட்டிக் காட்டுவேன். பேசமாட்டேன். அதனால் அவர்கள் எனக்கு ஊமை எடைக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் எனக்கு ஒரு சின்ன கர்வம்கூட இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் மச்சானும் கால்வாய்க்குப் போவோம். மச்சான் என் மனைவியின் அண்ணன். கண்ணாடி வெட்டிப் படங்களுக்கு ஃப்ரேம் போடும் கடை வைத்திருக்கிறார். கிடங்குகளின் பின்சுவர்களை ஒட்டி ஓடும் கால்வாய் அது. பாலத்தைத் தாண்டி ஒரு வளைவில் நன்றாக அகலும். அங்கே அடித்தண்ணீரில் பெரிய கெண்டைகள் நிற்கும். மக்காச்சோளத்தை வேகவைத்து முள்ளில் கோத்துப் போட்டுவிட்டு, சிமெண்ட் கரையில் இரண்டு மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருப்போம். சில நாள் காலையிலிருந்து மத்தியானம் வரை நாங்கள் பேசியது பத்து வார்த்தைகூட இருக்காது. எனக்கு அந்த மௌனம் பிடிக்கும். அவருக்கும் பிடிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

பிடிக்கிற மீனை நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. எடை பார்த்து, ஒரு போட்டோ எடுத்து, திரும்ப விட்டுவிடுவோம்.

"திரும்ப விடறதுக்கு எதுக்குப் பிடிக்கணும்? அதுக்கு அந்த மீன்கிட்டயே போன் நம்பர் வாங்கிட்டு வந்துடலாமே" என்பாள் என் மனைவி.

ஆனால் அவளுடைய அண்ணன் ஒன்பது வருடங்களுக்கு முன் பிடித்த மீனைப் பற்றி மட்டும் அவள் அப்படிப் பேசமாட்டாள். பதினாலு கிலோ நூறு. அந்தக் கால்வாயில் அதற்கு மேல் யாரும் பிடித்ததில்லை. பாலத்தடியில் இருக்கும் இரைக்கடையின் பலகையில் முதல் வரி அவர் பெயர்தான். அந்த மீனை இரண்டு கைகளிலும் ஏந்தி அவர் சிரிக்கும் போட்டோ எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தது. என் வீட்டில், நான் சாப்பிட உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே. ஒன்பது வருடம் அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன். "எங்க அண்ணன் எதைத் தொட்டாலும் ஒழுங்கா செய்வார்" என்று அவள் யாரிடமாவது சொல்வாள். என்னைக் குத்துவதற்காக அல்ல. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

வெயில் ஆரம்பித்த ஒரு ஞாயிறு, காலை ஒன்பது மணி இருக்கும், என் தூண்டிலில் ஒரு பெரிய மீன் விழுந்தது. முக்கால் மணி நேரம் இழுத்தேன். மச்சான் முட்டளவு தண்ணீரில் இறங்கி வலையை நீட்டி அள்ளினார். கரையில் விரித்த ஈர மெத்தையில் அதைக் கிடத்தியபோது இருவரும் மூச்சு வாங்கினோம். செவுளுக்குப் பின்னால் கட்டைவிரல் அளவுக்குச் செதில் இல்லாத ஒரு தழும்பு. நான் வயிற்றடியில் கை கொடுத்துத் தூக்கியபோது, பால்போல வெள்ளையாக ஒரு நீர் வடிந்து என் மணிக்கட்டை நனைத்தது.

"ஆம்பளை" என்றார் மச்சான். "இவ்ளோ பெரிய ஆம்பளையை நான் பாத்ததே இல்ல. சட்டையை நாசம் பண்ணிட்டான் பாருங்க. வீட்டுல என்ன சொல்லப்போறீங்க?"

எடை பார்ப்பதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு. மீனை வைத்துத் தூக்கும் பையை முதலில் தண்ணீரில் முக்க வேண்டும். காய்ந்த துணி மீனின் மேல்பூச்சை உரித்துவிடும். ஈரப் பையை வெறுமனே தராசில் மாட்டி, எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகுதான் மீன். நான் பையை முக்கினேன், மாட்டினேன், பூஜ்யமாக்கினேன். அதையெல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனால் முள் உதட்டில் ஆழமாக இறங்கியிருந்தது. அதை எடுக்க நேரமாகிவிட்டது. அந்தத் தராசு இரண்டு நிமிடம் சும்மா இருந்தால் தானாக அணைந்துவிடும். மீனைப் பையில் வைத்துக் கொக்கியில் மாட்டும்போது என் கட்டைவிரல் பொத்தானை அழுத்தியிருக்கிறது. தராசு ஒரு பீப் சத்தத்தோடு உயிர் பெற்றது. நான் தூக்கினேன்.

"பதினாலு நானூத்தி இருபது" என்று படித்தார் மச்சான். இன்னொரு தடவை குனிந்து படித்தார். பிறகு நிமிர்ந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். "மாப்ள, என்னைத் தூக்கிச் சாப்டுட்டீங்க."

அவர் குரலில் ஒரு துளி வருத்தம்கூட இல்லை. நான் தேடிப் பார்த்தேன், அதனால் சொல்கிறேன்.

போட்டோ எடுத்து மீனை விட்டோம். நேராக இரைக்கடைக்குப் போனோம். அங்கே ஒரு நோட்டு இருக்கிறது. மீனின் எடை, பிடித்தவர் பெயர், பார்த்த சாட்சியின் கையெழுத்து. சாட்சி இல்லாமல் பலகையில் ஏறாது. மச்சான் கையெழுத்துப் போட்டார். இரைக்கடைக்காரர் நாற்காலி மேல் ஏறி, ஈரத்துணியால் முதல் வரியைத் துடைத்தார்.

"மச்சானை மாப்பிள்ளை அழிச்சிட்டார். இனி வீட்டுல யாருக்கு முதல் தட்டு?" என்றார்.

"இன்னைக்கு எனக்குத் தட்டே கிடையாது" என்றார் மச்சான்.

நான் சிரித்தேன். அவ்வளவு சத்தமாக நான் சிரித்து யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அன்று சாயங்காலம் பின்பக்கக் குழாயில் பையை அலசினேன். உதறி, காயப்போடுவதற்கு முன், தராசில் மாட்டினேன். எதைக் கையில் எடுத்தாலும் எடை பார்க்கிற புத்தி. பொத்தானை அழுத்தினேன். பீப் என்றது. தூக்கினேன். அறுநூற்றுப் பத்து கிராம்.

அந்தச் சத்தத்தில்தான் காலையில் கேட்ட சத்தம் திரும்பி வந்தது. தராசு நடுவில் அணைந்து, நான் வைத்த பூஜ்யத்தை மறந்திருந்தது. குழாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தேன். பதினாலு நானூற்றி இருபதில் அறுநூற்றுப் பத்து போனால் பதிமூன்று எண்ணூற்றிப் பத்து. என் வாழ்நாளில் நான் செய்த கழித்தல்களில் இதைப்போல எளிதான ஒன்று இல்லை. உள்ளே அவள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாண்டி, எங்க வீட்டுக்காரர்தான். அண்ணனையே தாண்டிட்டார்." கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவள் குரலில் அந்த ஏற்றத்தை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

உள்ளே போய்ச் சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. 'கணக்குத் தப்பாயிடுச்சு' என்றால் அவள் சிரித்திருப்பாள், மச்சான் சிரித்திருப்பார், இரைக்கடைக்காரர் நாற்காலியில் மறுபடி ஏறியிருப்பார். அதுவரை அது தவறுதான். குழாயை மூடினேன். பையைக் கொடியில் போட்டேன். உள்ளே போனேன். "கை காலெல்லாம் கழுவியாச்சா?" என்று கேட்டாள். "ஆச்சு" என்றேன். அந்த ஒரு வார்த்தையில் தவறு வேறொன்றாக மாறிவிட்டது. மாறியது எனக்கு அப்போதே தெரிந்தது.

போட்டோவைப் பெரிதாக அச்சிட்டு, ஃப்ரேம் போட அவள் அண்ணனிடமே கொடுத்துவிட்டு வந்தாள். "அவரைத் தவிர யார்கிட்ட குடுப்பேன்?" என்றாள். புதன்கிழமை மச்சான் கொண்டுவந்தார். கருப்பு மர விளிம்பு, நல்ல கண்ணாடி. தன் படத்தைத் தானே ஆணியிலிருந்து கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அதே ஆணியில் என் படத்தை மாட்டினார். இரண்டடி பின்னால் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"நேரா இருக்கா மாப்ள?"

"இருக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எனக்குச் சரியாத் தெரியல."

"இருக்கு மச்சான்" என்றேன். என் மனைவி அவருடைய படத்தைச் செய்தித்தாளில் சுற்றி அலமாரி மேல் வைத்தாள்.

அதன் பிறகு ஏழு வாரம். ஞாயிறுதோறும் கால்வாய்க்குப் போனோம். எனக்குப் பிடித்திருந்த அந்த மௌனம் இப்போது முழுக்கக் கேட்கும் காதாக இருந்தது. அவர் தெர்மாஸைத் திறந்தால்கூட ஏதோ சொல்லப்போகிறார் என்று திடுக்கிடுவேன். அவர் சொல்லமாட்டார். தேநீரை ஊற்றி நீட்டுவார். நான் சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். அதற்குள் அவர் தூண்டிலின் நுனியைப் பார்க்கத் திரும்பிவிடுவார். அவர் திரும்பிக்கொண்டதில் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

ஏழாவது ஞாயிறு அவருடைய தூண்டில் வளைந்தது. இந்தத் தடவை நான் இறங்கி வலையில் அள்ளினேன். வலைக்குள் அது புரண்டபோதே செவுளுக்குப் பின்னால் தழும்பைப் பார்த்துவிட்டேன். பாலத்தின் மேலிருந்து இரைக்கடைக்காரரும் அவருடைய வாடிக்கைக்காரர்கள் இரண்டு பேரும் பார்த்துவிட்டு, "இருங்க, இருங்க" என்று கத்திக்கொண்டே படிக்கட்டு வழியாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

மச்சான் மீனை மெத்தையிலிருந்து தூக்கினார். அதே வெள்ளை நீர் அவர் முழங்கை வரை வடிந்தது. அவர் என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். அவர்கள் கடைசிப் படியை அடைவதற்குள் மீனைப் பையில் வைத்துவிட்டு, குனிந்து கால்வாய்த் தண்ணீரில் கையை அலம்பி, சட்டை நுனியால் மீனின் வயிற்றடியை ஒற்றி எடுத்தார். நான் தராசைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பையை அதற்கு முன்பே மூன்று தடவை பூஜ்யமாக்கி வைத்திருந்தேன். தராசு அணையாமல் இருக்க விரலால் கொக்கியை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

பதிமூன்று எண்ணூற்றித் தொண்ணூறு.

இரைக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். "இது உங்க மீன்தானய்யா. தழும்பைப் பாருங்க. பதினாலரை இருந்ததே, அரைக் கிலோ எங்க போச்சு?"

அவர் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. வெறுமனே கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"முட்டை விட்டுடுச்சுப்பா" என்றார் மச்சான். "சீசன் முடியுதுல்ல. வயிறு காலியாயிடும்."

"அட ஆமா. பிள்ளை பெத்த உடம்பு" என்றார் இரைக்கடைக்காரர். "பாவம், சீக்கிரம் விடுங்க. வீட்டுல புருஷன் தேடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். மச்சானும் சிரித்தார். மீனைத் தண்ணீரில் இறக்கி, அது தானாக வாலை அசைக்கும்வரை இரு கைகளாலும் தாங்கிக்கொண்டிருந்தார். நெடுநேரம் தாங்கிக்கொண்டிருந்ததுபோல எனக்குத் தோன்றியது. அவர் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரியும். எனக்காகப் பொய் சொன்னார். நான் சொல்ல வேண்டிய இடத்தில், மூன்று பேருக்கு முன்னால், ஒரு ஆண் மீனை முட்டையிட வைத்தார். வண்டியில் கூட்டிவந்து என் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "வரேன் மாப்ள" என்று போய்விட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் எடைமேடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு அவர் கடைக்குப் போனேன். தோளில் பையும் தராசும். முதலில் நேராக இரைக்கடைக்குத்தான் கிளம்பினேன். பாதி வழியில்தான் அந்த நோட்டு ஞாபகம் வந்தது. அதில் சாட்சி என்று இருப்பது அவருடைய கையெழுத்து. நான் போய் உண்மையைச் சொன்னால், பொய்க்குச் சாட்சி சொன்னவர் அவர். நேற்று முட்டை என்று சொன்னவரும் அவர். என் வெட்கத்தை இறக்கி வைக்கக்கூட அவரிடம் அனுமதி கேட்கும்படி செய்துகொண்டிருந்தேன்.

மேஜையில் பெரிய கண்ணாடி ஒன்றைப் போட்டு, அளவுகோலை அழுத்திப் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தார். கீறும் சத்தம் முடியும்வரை நின்றேன். கோட்டுக்கு இரண்டு பக்கமும் கை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். சுத்தமாகப் பிரிந்தது.

"உக்காருங்க" என்றார். தோளிலிருந்த பையைப் பார்த்தார். "அதை எதுக்குத் தூக்கிட்டு வந்தீங்க? அறுநூறு இருக்குமா?"

"அறுநூத்திப் பத்து."

"ம்."

துண்டுக் கண்ணாடிகளை ஒரு பெட்டியில் அடுக்கினார். நான் உட்காரவில்லை.

"எப்பத் தெரியும் மச்சான்?"

"கையெழுத்துப் போடும்போது தெரியாது. சத்தியமா. வீட்டுக்குப் போய்ப் படுத்தப்புறம்தான் அந்த பீப் சத்தம் காதுல வந்துச்சு. நீங்க முதல்லயே ஆன் பண்ணி ஜீரோ பண்ணிட்டீங்களே, மறுபடி எதுக்கு பீப்னு." அளவுகோலைத் துடைத்தார். "சரி, இவர் எடைக்காரர், ராத்திரிக்குள்ள இவருக்கே தோணிடும், காலைல போன் வரும்னு இருந்தேன்."

நான் பையைத் தோளிலிருந்து இறக்கினேன்.

"செவ்வாய்க்கிழமை தங்கச்சி அந்தப் போட்டோவைக் கொண்டுவந்தா. இதே இடத்துல நின்னு அரை மணி நேரம் உங்களைப் பத்திப் பேசினா. நிறுத்தவே இல்ல. உங்களைப் பத்தி அவ இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல மாப்ள. சரி இருக்கட்டும்னு விட்டுட்டேன். ஃப்ரேம் போட்டேன்."

"வேணும்னு செய்யல மச்சான். முதல்ல தெரியாமத்தான்..."

"தெரியும்" என்றார் உடனே. பிறகு கொஞ்சம் பொறுத்து, "முதல்ல வேணும்னு செய்யல" என்றார்.

அவர் அதை அழுத்திச் சொல்லவில்லை. பக்கத்துச் சுவரில் யார் யாருடைய கல்யாணப் படங்களோ, பட்டம் வாங்கிய படங்களோ வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எல்லோரும் என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றார். "டீ ஊத்திக் குடுக்கும்போதெல்லாம் பாத்தேன். போகப் போக நானே உங்க மூஞ்சியைப் பாக்கறதில்ல. பாத்தா நீங்க சொல்லிடுவீங்களோன்னு எனக்கே பயம் வந்துடுச்சு. சொல்லிட்டா நான் என்ன சொல்லணும்னு தெரியல."

"நோட்டுல மாத்திடலாம். நான் போய்..."

"ரெண்டு பேரும் போவோம். அந்த ஆள் நாலு நாள் கிண்டல் பண்ணுவார், மறந்துடுவார். பலகையில என்ன இருக்கு? ஈரத்துணி பட்டா அழியற எழுத்து." கையுறையைக் கழற்றினார். "வீட்டுல நான் சொல்லமாட்டேன். அது உங்க வேலை."

சாயங்காலம் அவள் அடுக்களை மேடையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்று சொன்னேன். பை, தராசு, இரண்டு நிமிடம், பீப் என்று வரிசையாகச் சொன்னேன். டிரைவர்களுக்குத் தாளைக் காட்டுவதுபோலத்தான் இருந்திருக்கும். அவள் கையில் கத்தி நிற்கவில்லை.

"அவ்வளவுதானே? தப்பு யாருக்கும் வரும்" என்றாள்.

"அன்னைக்குச் சாயங்காலமே எனக்குத் தெரியும்."

கத்தி நின்றது.

"அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"அன்னைக்கு ராத்திரியிலேர்ந்து."

அவள் கையை அலம்பிக்கொண்டு கூடத்துக்கு வந்து, படத்துக்கு எதிரே, நான் சாப்பிட உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் திட்டை எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு எங்கேயாவது நிற்க இடம் கிடைத்திருக்கும்.

"அப்போ நான் ஃப்ரேமுக்குக் குடுத்தப்ப அவருக்குத் தெரியும்."

"தெரியும்."

"அவர் படத்தைக் கழட்டச் சொன்னது நான்தான். 'அண்ணே, அதை எடுத்துட்டு இதை மாட்டுங்க'ன்னு." அவள் சொல்லிக்கொண்டே போனாள், என்னிடம் அல்ல. "நேரா இருக்கான்னு உங்களைத்தானே கேட்டார். ரெண்டு தடவை கேட்டார்."

வெளியே யாரோ சைக்கிளைச் சாய்த்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அவள் முகத்தில் நான் பார்த்தது கோபம் அல்ல. என் வெட்கம் அங்கேயும் போய் உட்கார்ந்திருந்தது. இந்த வீட்டில் தப்பு செய்யாத ஒரே ஆள் அவள்தான்.

எழுந்து என் படத்தைக் கழற்றி மேஜையில் கவிழ்த்து வைத்தாள். அலமாரி மேலிருந்து செய்தித்தாள் பொதியை இறக்கிப் பிரித்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள். ஆணிவரை போனவள் நின்றுவிட்டாள். படத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

"நான் மாட்டமாட்டேன்" என்றாள். "ஞாயித்துக்கிழமை அவரைச் சாப்பிடக் கூப்பிடுங்க. அவர் பாக்கும்போது நீங்க மாட்டுங்க."

படம் கையில் கனத்தது. மரமும் கண்ணாடியும் சேர்ந்து ஒன்றேகால் கிலோ இருக்கும் என்று கை தானாகச் சொல்லிற்று. அதை மடியில் வைத்துக்கொண்டு போனை எடுத்தேன். அவள் அடுக்களைக்குப் போகாமல் அங்கேயே நின்றாள். மணி நாலு தடவை அடித்தது.

"சொல்லுங்க மாப்ள" என்றார்.

எதிரே சுவரில் ஆணியைச் சுற்றி, ஒன்பது வருடமாக வெயில் படாத சதுரம் வெளுக்காமல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், அவர் ஒன்றும் கேட்காமல் காத்திருந்த அந்த மௌனத்தில் கொஞ்ச நேரம் இருந்தேன். பிறகு பேச ஆரம்பித்தேன்.